கியாசுதீன் மச்சானின் பொரித் தூண்டில்

கியாசுதீன் மச்சானைப் பைத்தியம் என்று முதலில் சொன்னவன் நான்தான். எனக்கு அப்புறம்தான் தெரு சொன்னது. அதற்காக வருத்தப்பட்டு இதை எழுதவில்லை. பைத்தியம் என்பதெல்லாம் எங்கள் வீடுகளில் ஒரு நாளைக்கு நாலு தடவை புழங்குகிற வார்த்தை. அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஊர் முன்னால் இன்னொன்று சொன்னேன். அது பொய். அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள எனக்கு எட்டு மாதம் இருந்தது.

என் பெயர் ஆசாத். உறையூரில் மீன் கடை. இருபத்தெட்டு வருடமாகக் கத்தியும் கட்டையுமாக நிற்கிறேன். செவுளைத் தூக்கிப் பார்த்தால் மீன் எப்போது செத்தது என்று சொல்லிவிடுவேன். வாய் கொஞ்சம் அதிகம். கோபம் அதைவிட அதிகம். "பழைய மீனா பாய்?" என்று ஒருத்தர் கேட்டால் போதும், அன்றைக்கு அவர் வேறு கடைக்குத்தான் போக வேண்டும். கியாசுதீன் என் அக்கா சாரா பீவியின் கணவர். அவருக்கு வாய் என்று ஒன்று இருப்பதே சாப்பிடும்போதுதான் தெரியும்.

இருபத்திரண்டு வருடம் சிங்கப்பூரில் இருந்தார். பூங்காவில் புல் வெட்டுவது, ஏரிக்கரையைச் சுத்தம் செய்வது, அதுதான் வேலை. முதுகுத்தண்டு தேய்ந்துபோய் ஐம்பத்திரண்டு வயதில் திரும்பி வந்தார். வெளிநாடு போய்த் திரும்புகிற மற்ற சபுராளிகள் வந்து இறங்கினால் பெட்டி பெட்டியாக சென்ட், கம்பளி, டார்ச் லைட்டு இறங்கும். இவர் தோளில் ஒரு நீளக் குழாயை மாட்டிக்கொண்டு ஏர்போர்ட்டிலிருந்து வெளியே வந்தார். ஏதோ விலை உயர்ந்த சாமான் என்று நான்தான் ஆசையாகக் காரில் எடுத்து வைத்தேன். வீட்டுக்கு வந்து திறந்தால் தூண்டில் குச்சி!

அதுவும் நாம் பார்த்த தூண்டிலா என்றால் இல்லை. ஒன்பது அடி நீளம், நுனி தென்னை ஈர்க்குக் கனம். அதில் நைலான் நரம்புக்குப் பதிலாகத் தடிமனாக ஒரு மஞ்சள் நூல். மண்புழு கிடையாது, மாவு உருண்டை கிடையாது, ஈயக்குண்டு கிடையாது. அந்த நூலின் கனத்தையே தலைக்கு மேல் முன்னும் பின்னும் விசிறி, விசிறி, கடைசியில் தண்ணீர்மேல் படுக்க வைப்பார். நூல் முனையில் ஒரு பொடிக் கொக்கி. அதில் இறகும் முடியும் சுற்றி ஒரு பூச்சி மாதிரி செய்திருப்பார். மீன் அதைப் பூச்சி என்று நம்பி வாயைத் திறக்க வேண்டும். அங்கே ஏரியில் வேலைக்கு வந்த ஒரு வெள்ளைக்கார என்ஜினியர் சாப்பாட்டு நேரத்தில் இப்படி வீசுவானாம். இவர் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். அவன் ஊருக்குப் போகும்போது குச்சியைக் கொடுத்துவிட்டுப் போனானாம்.

எல்லாம் இருக்கட்டும். பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். கேட்டீர்களா கூத்தை! மீன் விற்றுப் பிழைக்கிற குடும்பத்தில் மாப்பிள்ளையாக வந்தவர், மீனைப் பிடித்து, முத்தம் கொடுக்காத குறையாகத் தடவி, விட்டுவிட்டு வருவார். அக்கா மூன்று வருடம் மிளகாய் அரைத்து வைத்துக் காத்திருந்தாள். ஒரு கெண்டைக்குஞ்சுகூட வீட்டு வாசலைத் தாண்டி வரவில்லை.

முதலில் உய்யக்கொண்டான் வாய்க்காலில் நின்று பார்த்தார். அங்கே வீசினால் கொக்கியில் பாலித்தீன் பைதான் வரும். பாலத்தில் பைக்கில் போகிறவன் எல்லாம் நிறுத்தி, "பாய், பட்டம் விடுறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவான். இவர் சிரிப்பார். டவுன் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்கும் போவார். ஆனால் அங்கே குச்சியை எடுத்துப் போனதே இல்லை. படிக்கட்டு ஓரமாக நின்று, ஜனங்கள் ஆற்றில் போடுகிற பொரியை மீன் எப்படி வாங்குகிறது என்று மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் நான் கேட்டேன்.

"அங்கதான் ஒவ்வொண்ணும் தொடை தண்டியா கெடக்குதே மச்சான். ஒரு தடவை வீசிப் பாக்கறதுதானே?"

"அவங்க செத்துப்போன அப்பா அம்மாவ நெனச்சுப் போடறாங்க மாப்ள. அதுல போய் நாம விளையாடக் கூடாது."

அந்தப் பொரியைப் பார்த்துவிட்டு வந்துதான் அவருடைய வித்தை உருப்பட்டது. நம் ஊர்க் கெண்டைக்குப் பூச்சியைவிடப் பொரிதான் பழக்கம் என்று கண்டுபிடித்தார். வெள்ளை ரப்பர் செருப்பின் அடியைப் பிளேடால் சீவி, பொரி அளவுக்கு நறுக்கி, அக்காவின் தையல் மெஷின் பலகையில் கொக்கியைக் கவ்வ வைத்து, பக்ரீத் கிடாயின் முடி நாலு இழை வைத்துச் சுற்றுவார். மிதக்கும். பத்துப் பொரிக்கு நடுவில் போட்டால் எது பொரி, எது செருப்பு என்று நமக்கே தெரியாது. கொக்கியின் முள்ளைக் குறடால் நசுக்கிவிடுவார், மீன் வாய் கிழியக்கூடாதாம். அக்காவின் செருப்பு ஒன்று காணாமல் போனபோதுதான் நான் அந்தப் பைத்தியப் பட்டத்தைக் கொடுத்தேன்.

என்னிடம் அவர் கேட்டது வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான். நானும் திருவெள்ளறைக் காத்தானும் சேர்ந்து கீரைக்கொல்லைக் குளத்தை மீன் வளர்க்க ஏலம் எடுத்தோம். வீடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட குளம். ஒரு கரையில் பிள்ளையார் கோயில், மறு கரையில் கார் ஷெட். குஞ்சு விடுவது காத்தான், தீவனம் போடுவது நான், பிடித்து விற்பதும் நான். காத்தான் விவசாயி, ரொம்ப நேர்மையான ஆள், என்னை முழுசாக நம்பினவர். ஏலம் எடுத்த அன்றைக்கே மச்சான் கடைக்கு வந்து, வியாபாரம் முடியும் வரை ஓரமாக நின்றார்.

"மாப்ள, உங்க குளத்துல நான் கொஞ்சம் நின்னுக்கட்டுமா? ஒரு மீனும் கொறையாது."

"நில்லுங்க மச்சான். செருப்பு மட்டும் உங்களோடதாப் பாத்து எடுத்துக்குங்க" என்றேன். கடையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

ஒரு காலையில் அவர் மீன் பிடிப்பதை நேரில் பார்த்தேன். கோயில் பக்கத்தில் யாரோ போட்ட பொரி மிதந்துகொண்டிருந்தது. நூல் காற்றில் வளைந்து போய்ச் சத்தமில்லாமல் இறங்கியது. முந்தின ஏலத்தில் வலைக்குத் தப்பின கட்லா ஒன்று அடியிலிருந்து ஏறி வந்து, ஒவ்வொரு பொரியாக உறிஞ்சிக்கொண்டு, செருப்பையும் உறிஞ்சியது. அப்புறம் இருபது நிமிஷம் அது இவரைக் குளத்தைச் சுற்றி இழுத்தது. எட்டு கிலோவுக்குக் குறையாது. இவர் முழங்கால் தண்ணீரில் இறங்கி, கையை நனைத்துக்கொண்டு, அதை வெளியே தூக்காமலே கொக்கியைக் கழற்றினார். வாலைப் பிடித்து நேராக நிறுத்தி, அது மூச்சு வாங்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

"அய்யோ, விடப் போறீங்களா? எட்டு கிலோ மச்சான்! கையெல்லாம் அரிக்குதே எனக்கு!"

"உங்க மீனு உங்க குளத்துக்குள்ளதானே மாப்ள போகுது?"

அவர் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷத்தை நான் அவருடைய கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை. பொறாமையாகத்தான் இருந்தது. மீனைப் பார்த்து எனக்கு ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

இனிமேல்தான் என் யோக்கியதை. தவிடும் புண்ணாக்கும் வாங்கிப் போடுகிறேன் என்று காத்தானிடம் ஒப்புக்கொண்டவன், இரண்டு மாதத்தில் அதை நிறுத்திவிட்டேன். கடையில் தினமும் கூடை கூடையாகக் குடலும் செதிலும் விழுகிறது. அதைக் கொண்டுபோய்க் கொட்டவே தனிப் பாடு. குளத்தில் கொட்டினால் மீன் தின்று கொழுக்கும் என்று எங்கள் தொழிலில் பாதிப் பேர் சொல்வார்கள். நானும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் கார் ஷெட்டுக்குப் பின்னால் கொட்ட ஆரம்பித்தேன். காத்தானுக்குத் தெரியாது. பார்த்தவர் மச்சான் ஒருத்தர்தான்.

"கழிவு வேணாம் மாப்ள" என்று முதலில் நயமாகச் சொன்னார். நான் கேட்கவில்லை. புரட்டாசியில் வியாபாரம் படுத்ததால் கழிவும் குறைந்தது, அவரும் சும்மா இருந்தார். புரட்டாசி முடிந்து முதல் ஞாயிறு. மீன்காரனுக்கு அதுதான் திருவிழா. ஒரு மாதம் விரதம் இருந்த ஜனம் எல்லாம் விடியலில் வந்து வரிசையில் நிற்கும். அன்றைக்கு மட்டும் பதினோரு கூடை கழிவு. சாயங்காலம் வேனை எடுத்துக்கொண்டு போனால், கரையில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். குச்சி உறையில் இருந்தது.

"மூணு நாளா வெயிலே இல்ல. காத்தும் இல்ல. மீனெல்லாம் மேல வந்து வாயைத் தொறக்குது பாருங்க. பொரியப் போட்டேன், ஒண்ணுகூட வாங்கல. தண்ணி மூச்சு முட்டுது மாப்ள. இன்னைக்கு மட்டும் கொட்டாதீங்க."

பார்த்தேன். குளம் முழுக்க வாய் வாயாகத் தெரிந்தது. நல்ல வளர்த்தி என்றுதான் எனக்குத் தோன்றியது. காலை மூன்று மணியிலிருந்து நின்ற கால் வேறு. மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"மீனைப் பத்தி எனக்குச் சொல்லித் தர்றீங்களா? செருப்பை வெட்டி மீன் புடிக்கிற ஆளு, இருபத்தெட்டு வருஷம் மீன் விக்கிறவனுக்கு! சந்தோஷத்துல குதிக்குது மச்சான். வழிய விடுங்க."

வழியை விட்டார். பதினோரு கூடையையும் கொட்டினேன்.

திங்கட்கிழமை காலை கோயில் பூசாரி போன் செய்தார். போய்ப் பார்த்தால் தண்ணீரே தெரியவில்லை, வெள்ளை வெள்ளையாக வயிறுதான். கட்லா, ரோகு, மிருகால், புல்கெண்டை, எல்லாம். பெரிய மீனே முதலில் செத்திருந்தது. நாற்றத்துக்குத் தெரு முழுக்க முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு வந்து நின்றது. என் அக்காவும் நின்றாள். காத்தான் திருவெள்ளறையிலிருந்து பஸ் பிடித்து வந்து கரையில் உட்கார்ந்துவிட்டார். விரல் நீளக் குஞ்சாகத் தன் கையால் எண்ணி விட்டவர். பிறகு என்னைப் பார்த்தார்.

"தீவனம் ஒழுங்காத்தானே போட்டீங்க பாய்?"

அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. இப்போது யோசித்தால் அது தெரிகிறது. அப்போது மாட்டிக்கொண்டேன் என்றுதான் எனக்குத் தோன்றியது. சுற்றிலும் பார்த்தேன். கூட்டத்தின் ஓரத்தில் மச்சான், தோளில் அந்தக் குழாயோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்னைக் கேளுங்க, நல்லாக் கேளுங்க! அதோ நிக்கிறாரே, அவரைக் கேளுங்க! தெனமும் கொக்கி போட்டுப் போட்டு விட்டாரே, ஒவ்வொரு மீனு வாயிலயும் புண்ணு! அந்தப் புண்ணு சீழ் வச்சு எல்லாத்துக்கும் ஒட்டிக்கிச்சு. வேணாம் வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன். அக்கா வீட்டுக்காரராச்சேன்னு விட்டேன் பாரு, எனக்கு வேணும்!"

சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. அவர்களுக்கு ஏற்கெனவே மனதில் இருந்ததுதான். தின்பதற்குப் பிடித்தால் அது ஹலாலான ரிஸ்க், அல்லாஹ் கொடுத்த உணவு. தின்னாமல் ஒரு உயிரைக் குத்திக் குத்தி விளையாடினால் அது என்ன? பாவமில்லையா? ஒருத்தர் மாற்றி ஒருத்தர் அதையே சொன்னார்கள். மச்சான் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தால் போதும், நேற்றுச் சாயங்காலத்தை இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம். கார் ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டியிருக்கலாம். அவர் அக்காவைப் பார்த்தார். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், தம்பிக்கு இப்படி ஆகிவிட்டதே என்று அழுதுகொண்டு. மச்சான் குழாயைத் தோளில் சரிசெய்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

எதற்கும் தண்ணீரைச் சோதித்துவிடலாம் என்று காத்தான் சொன்னார். தனியாக நான்தான் பாட்டிலில் எடுத்துக்கொண்டு மன்னார்புரம் மீன்வளத் துறை ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த ஆபீசர் அம்மா நாலே கேள்வி கேட்டார். ஐந்தாவதாக, "என்ன கழிவு கொட்டுனீங்க?" என்றார். "தண்ணில காத்தே இல்லங்க. மூச்சு முட்டிச் செத்திருக்கு. ரெண்டு நாள் முன்னாடியே மேல வந்து வாயப் பொளந்திருக்குமே, யாரும் பாக்கலையா?" என்று கேட்டார். கொக்கியைப் பற்றிக் கேட்டேன். கொக்கி குத்தி எங்கேயாவது குளம் சாகுமா என்று சிரித்தார். வெளியே வந்து காத்தானுக்குப் போன் செய்தேன். "புண்ணு நோய்னு சொல்லிட்டாங்க" என்றேன்.

அன்று சாயங்காலமே மச்சான் வீட்டுக்குப் போனேன். மனதில் அவ்வளவு ஈரம் மிச்சமிருந்தது. அக்கா கடைக்குப் போயிருந்தாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், அந்த ஆபீஸ்ல சொன்னாங்க..."

"தெரியும் மாப்ள."

"நான் வேணும்னு சொல்லல மச்சான். காத்தான் அப்படிக் கேட்டதும் வாயில வந்துடுச்சு. எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். வர்ற வெள்ளிக்கிழமை, தொழுக முடிஞ்சதும் பள்ளிவாசல்லயே எந்திரிச்சுச் சொல்லிடறேன்."

"சரி மாப்ள" என்றார். திட்டியிருந்தால் நான் ஒருவேளை சொல்லியிருப்பேன். கழுத்தைப் பிடித்திருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு ஜுரம். மெய்யாகவே ஜுரம்தான். அடுத்த வெள்ளிக்கிழமை ஏதோ கல்யாணக் கூட்டம், இந்த நேரத்தில் எதற்கு என்று விட்டேன். மூன்றாவது வாரத்திலிருந்து நான் வேறு பள்ளிவாசலுக்குப் போக ஆரம்பித்தேன். அப்படி முப்பது வெள்ளிக்கிழமைக்கு மேல் போயிற்று. மச்சான் அதே பள்ளிவாசலில், அதே தூணருகில்தான் உட்கார்ந்தார். அவர் சலாம் சொன்னால் மற்றவர்களிடமிருந்து பதில் வரும், பேச்சு வராது. பிள்ளைகள் செத்த மீன் மாதிரி வாயைப் பிளந்து காட்டி ஓடும். மைதானத்தில் பெருநாள் தொழுகை முடிந்து எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறபோது அவர் தனியாக நின்றதை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். போய்க் கட்டிப்பிடித்தேன். காதருகில் அவர் ஏதாவது கேட்பார் என்று பயந்தேன். "வீட்டுக்கு வாங்க மாப்ள, அக்கா பிரியாணி போட்டிருக்கா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் குச்சியைத் தொடவே இல்லை. குளத்துக்கு மட்டுமில்லை, வாய்க்காலுக்கும் போகவில்லை. அம்மா மண்டபத்துக்கு வேடிக்கை பார்க்கக்கூடப் போகவில்லை. காலையில் டீ குடிப்பார், பேப்பர் படிப்பார், மாத்திரை போடுவார், படுப்பார். அக்கா சந்தோஷப்பட்டாள். இப்போதுதான் மனுஷர் வீட்டில் இருக்கிறார் என்று என்னிடமே சொன்னாள்.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் தொழுதுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். மகள் சம்ரீன் கைக்குழந்தையோடு ஓடி வந்தாள். மருமகன் துபாயில். மச்சானுக்கு ஆண் பிள்ளை கிடையாது. அதனால் எல்லாக் காரியமும் என் தலையில் வந்தது.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால், இறந்தவரின் நெருங்கின ஆம்பிளை ஒருத்தர் எல்லாருக்கும் முன்னால் நின்று கேட்க வேண்டும். இவரால் யாருக்காவது மனவருத்தம் இருந்தால் இப்போதே மன்னித்துவிடுங்கள், பாரத்தோடு அனுப்ப வேண்டாம் என்று. தொழ வைக்கிற ஹஜ்ரத் என்னைக் கை காட்டினார். பள்ளிவாசல் முற்றம் நிறைந்திருந்தது. தெரு முழுக்க வந்திருந்தது, அன்றைக்குக் கரையில் நின்றவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். இதைவிட நல்ல சமயம் இனி எனக்கு வரப்போவதில்லை என்று தெரிந்தது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் முன்னால் போனேன். அல்லாஹ் அறிவான், முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

"எங்க மச்சான் கியாசுதீனால உங்கள்ல யாருக்காவது மனக்கஷ்டம் இருந்தா..." என்று தொடங்கினேன். அதோடு நிறுத்தித் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

கேட் ஓரமாக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு காத்தான் நின்றிருந்தார். கேள்விப்பட்டுத் திருவெள்ளறையிலிருந்து வந்திருந்தார். கையைத் தூக்கினார்.

"அய்யா, நான் ஒண்ணு சொல்லலாமா? அந்தக் குளத்து விஷயம். எனக்கு மனசுல ஒண்ணும் இல்லீங்க. தெரியாமப் பண்ணிட்டாரு, நல்ல மனுஷன். நான் மன்னிச்சுட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஆசாத் பாய், அது உங்க மீனும்தானே. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

முற்றமே திரும்பி என்னைப் பார்த்தது. ஹஜ்ரத் தலையசைத்தார்.

"மன்னிச்சுட்டேன்" என்றேன்.

எல்லாரும் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். ஹஜ்ரத் தொழுகைக்கு வரிசையில் நிற்கச் சொன்னார். நான் முதல் வரிசையில் போய் நின்றேன்.